சிக்லிட் தொட்டியில் பாறை அடுக்குவது: முதலில் கல், பிறகு மணல்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், பாறைக்கரைகளில் வாழும் சிக்லிட் வகை மீன்களை எம்புனா என்பார்கள். பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, இடுக்குகளில் ஒளிந்து வாழும் மீன்கள். தொட்டியிலும் அவற்றுக்குக் கல்தான் வீடு. தொட்டியும் ஃபில்டரும் தயார் என்று வைத்துக்கொண்டு கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

1. கல். ஒரே வகைக் கல்லை எடுங்கள், அளவு மட்டும் மாறட்டும். இரண்டு மூன்று நிறங்களைக் கலந்தால் ஏரிக்கரை போலவே இருக்காது. என் விருப்பம் உருண்டு மழுங்கிய கருங்கல். மீன்கள் ஒன்றையொன்று துரத்தும்போது உடம்பைக் கிழிக்காது. சுண்ணாம்புக்கல்லும் ஆகும். மலாவி நீரின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை என்பதால், அந்தக் கல் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்குவது இந்த மீன்களுக்கு நல்லதே. உலோகப் பளபளப்பு ஓடும் கல் வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கொதிக்க வைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம்.

2. அடித்தளம். நான் தவறு செய்தது இங்கேதான். முதல் தொட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கற்களை அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஓர் ஆண் மீன் அடிக்கல்லின் கீழே மணலை வாய் வாயாக அள்ளித் துப்பிக் குழி பறித்துவிட்டது. இரவில் தொம்மென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், மேல்கல் சரிந்து ஒரு பெண் மீன் அடியில் நசுங்கிக் கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

சிக்லிட் தோண்டத்தான் செய்யும். அதனால் தொட்டி காலியாக இருக்கும்போதே அடிக்கண்ணாடியில் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டை விரித்து, பெரிய கற்களை நேராக அதன்மேல் வையுங்கள். ஃபோம் ஷீட் எனக்குப் பிடிக்காது, மிதந்து மேலே வரப் பார்க்கும். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்திலாவது ஊன்றி நிற்க வேண்டும். வைத்ததும் விரலால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் எடுத்துத் திருப்பி வையுங்கள். எனக்கு இதற்கே ஒரு மாலை முழுவதும் போனது.

3. குகைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி இருக்கட்டும். ஒரே வழி என்றால், துரத்தப்படும் மீன் உள்ளே மாட்டிக்கொள்ளும். பின்கண்ணாடியை ஒட்டி அடுக்காமல் கை நுழையும் அளவு இடம் விடுங்கள், அழுக்கு தேங்காது.

சிலிக்கானால் ஒட்டலாமா? ஒட்டலாம், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருந்தால். நான் ஒட்டுவதில்லை. ஒரு மீனைப் பிடிக்க வேண்டுமானால் கல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

4. மணல். இப்போது 3 முதல் 5 செ.மீ. வரை கொட்டுங்கள். அப்புறம் தண்ணீர்.

பின்சேர்க்கை: ஏற்கெனவே மணல்மேல் அடுக்கிவிட்டோம், மீனும் இருக்கிறது, என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். பழைய மணலைக் கிளறினால் அடியில் சேர்ந்த கழிவெல்லாம் நீரில் கலக்கும். அதனால் மீன்களை முதலில் தொட்டி நீர் நிறைத்த, காற்றுக்கல் (பம்பிலிருந்து வரும் காற்றைக் குமிழிகளாக விடுவது) போட்ட வாளிக்கு மாற்றுங்கள். பிறகு கற்களை எடுத்து, மணலை ஒதுக்கி, தட்டை விரித்து மேலே சொன்னபடி அடுக்குங்கள். அடுக்கை மாற்றுவதில் ஒரு லாபமும் உண்டு: இடம் பிடித்து மற்றதை விரட்டிய மீனுக்குத் தன் எல்லை எதுவென்று தெரியாமல் போகும். புது மீன் விடுவதாக இருந்தால் அந்த நாளிலேயே விடுங்கள்.