முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். லட்சுமி, மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா, ஒரு நடிகை, ஒரு கட்சித் தலைவி, போன மாதம் காலமான யாரோ ஒருவரின் அம்மா. குப்புறக் கவிழ்த்து ஆணி அடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நின்று பார்த்துவிடுவேன். தாய் என்று கும்பிடும், அம்மா என்று அழைக்கும் இந்தப் பெண்களின் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஓவியக் கல்லூரிக்குப் போகாமலே யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் உள்ளங்கையால் முகத்தை மூடுங்கள். காலண்டர் தெய்வங்களின் முகம் பெரும்பாலும் அந்தந்தக் காலத்தின் அழகி முகம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரசுவதியையும் தாள் தாளாக அச்சிட்டு விற்றார். வீட்டுச் சுவரில் தெய்வத்துக்குச் சதையும் சேலை மடிப்பும் வந்தது அப்போதுதான். அதன் பிறகு வந்த ஓவியர்கள், சினிமாவில் யார் கொடி பறந்ததோ அவருடைய கன்னத்தையும் கண்ணையும் அம்மனுக்குக் கொடுத்தார்கள். ஆகவே முகம் ஓவியரின் காலத்தைக் காட்டும், தாயைப் பற்றி அதிகம் சொல்லாது. கண்ணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் படத்தில் முக்கால்வாசியைப் பார்க்காமலே போகிறார்கள்.

அடுத்து கைகள். எத்தனை கை என்பதை விட, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாரியம்மன் படத்தில் உடுக்கை, சூலம், கத்தி, கபாலம். ஊரே அம்மா என்று அழைக்கிறது. பிள்ளையைத் தூக்க ஒரு கையும் காலியாக இல்லை. அம்மைக்கும் வறட்சிக்கும் பயந்த ஊர், தாயிடம் கேட்டது தாலாட்டு அல்ல, காவல். வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் 1905-இல் வரைந்த பாரத மாதாவையும் இதே போல் பாருங்கள். நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. கல்வி, சோறு, உடை, பக்தி. வங்கத்தைப் பிரித்த வருடத்தில் ஒரு நாடு தன் தாயிடம் எதையெல்லாம் எதிர்பார்த்தது என்பதற்கு அந்தக் கைகளே பட்டியல்.

பிறகு மடி. குழந்தை எங்கே இருக்கிறது? சிவனும் உமையும் பிள்ளை முருகனும் சேர்ந்திருக்கும் பல்லவர் காலச் சோமாஸ்கந்தச் சிற்பங்களில் முருகன் உமையின் மடியில் இருப்பான். சோழர் செப்புத் திருமேனிகளுக்கு வந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தனியாக நிற்கிறான். மாதா படங்களில் இதைப் பழகுவது இன்னும் எளிது. வேளாங்கண்ணி மாதா சேலை கட்டி, குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறாள். 1858-இல் காட்சி தந்ததாகச் சொல்லப்படும் லூர்து மாதாவுக்குக் குழந்தையே இல்லை. நீல இடைக்கச்சை, கூப்பிய கை, பாதத்தில் ரோஜா. அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்தின் பெயரிலோ குழந்தைதான் முன்னால் நிற்கிறது.

என் கடைக்கு வருவதில் எனக்கு மிகவும் பிடித்தது சதா சகாய மாதா. பித்தளை நிறப் பளபளப்பில் பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை, குழந்தையின் ஒரு காலில் செருப்பு கழன்று தொங்குகிறது. இரண்டு பக்கமும் தேவதூதர்கள் சிலுவையும் ஈட்டியும் ஏந்தி வருகிறார்கள். அதைப் பார்த்து மிரண்ட பிள்ளை ஓடி வந்து அம்மாவின் கையைப் பற்றியிருக்கிறது. அவளோ பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். இந்தப் படத்துக்கு அகலமான மவுண்ட் (ஓரத்தை மூடும் அட்டை) வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன். தூதர்கள் மறைந்துபோவார்கள், பிறகு செருப்பு ஏன் கழன்றது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. இந்தத் தாய்களில் பெற்றவர் யார்? பிள்ளையார், பார்வதியின் உடம்பில் பூசிய மஞ்சளில் பிறந்தவர். முருகன் நெற்றிக்கண் பொறியில் பிறந்து கார்த்திகைப் பெண்களிடம் பால் குடித்தவன். கிருஷ்ணனைப் பெற்றவள் தேவகி. ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனியில் அவனுக்குப் பால் கொடுப்பவள் யசோதை. சிவனே ‘அம்மையே’ என்று அழைத்த காரைக்கால் அம்மையாருக்குக் குழந்தையே கிடையாது. வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகத் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பேறு கண்ட உடம்பை நம் சிற்பிகள் செதுக்கவே இல்லையா என்றால், செதுக்கியிருக்கிறார்கள். சரிந்த வயிறும் கனத்த மார்புமாகக் கால் அகட்டி உட்கார்ந்திருக்கும் தவ்வையை, லட்சுமியின் அக்காவை, தேடுங்கள். ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறு பக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. பல்லவர் காலத்தில் கோயிலுக்குள் இருந்தவள், பின்னால் மூதேவி ஆகி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். தாயைப் போலவே இருந்த ஒருத்தியை மூதேவி ஆக்கியதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. இன்னொருத்தி கிராம தெய்வமான பெரியாச்சி. மடியில் கர்ப்பிணியைக் கிடத்தி, வயிற்றைப் பிளந்து, ஒரு கையில் சிசுவை உயரத் தூக்கியிருப்பாள். பேறுகாலத்துக்கு அவளிடம் வேண்டிக்கொள்ளும் பெண்கள் பலர். அவள் படத்தை ஹாலில் மாட்டச் சட்டம் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அம்மன் கோயிலுக்குப் போனால் கருவறையோடு திரும்பாமல் வெளிச்சுற்றையும் ஒருமுறை பாருங்கள்.

பழகுவதற்கு நல்ல காலம் ஆடி. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரே படமாக மாறிவிடும். சேலத்தின் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது புராணக் காட்சிகள் ஆள்களாகவே வண்டியில் வரும். சூலம் ஏந்திய அம்மனின் வேடத்துக்குள் ஒரு வாலிபர் இருப்பதும் உண்டு. முகத்தை மூடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்தெந்த அடையாளங்களைச் சேர்த்தால் ஓர் ஆண் தாயாகிறான் என்று அங்கே எண்ணிவிடலாம்.

சினிமாவுக்கும் இதே முறைதான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்தைத் தயாரித்தது. சிற்றன்னையிடம் சிக்கிய இரண்டு பிள்ளைகளின் கதை. நம் படங்களில் நல்ல தாய்க்கு நகை குறையும், தையல் இயந்திரம் வரும், இருமல் வரும். கெட்ட தாய்க்கு நகை கூடும். வசனத்தை அணைத்துவிட்டுக் கழுத்தையும் கையையும் மட்டும் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

அரசியல் பேனரிலும் கையைத்தான் பார்க்க வேண்டும். ஜெயலலிதா படங்களில் உயர்த்திய இரண்டு விரல் இரட்டை இலைச் சின்னம். ‘அஞ்சாதே’ என்று தெய்வம் கை உயர்த்தும் அபய முத்திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வாக்குக் கேட்பதாகத் தெரியாது, அபயம் தருவதாகத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க அவர் ஆட்சியில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான். வேண்டுதலுக்காகக் கோயில் மரத்தில் கட்டிய காலித் தொட்டிலும், வேண்டாத பெண் குழந்தைக்காக அரசு வைத்த தொட்டிலும் ஒரே ஊரில் இருந்தன. தாய்மையைப் பற்றிய படங்களைத் திரட்டுகிறவர்கள் ஆள் இல்லாத இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

ஏற்காடு மலைக்குப் போகிறவர்கள் சேர்வராயன் கோயிலுக்குள் குனிந்து போய்ப் பாருங்கள். குகை இருட்டில் சேர்வராயனுடன் காவேரியம்மன். கண் பழகும்வரை முகம் தெரியாது, எனவே கையால் மூடும் வேலையும் இல்லை. மே மாதத் திருவிழாக் கூட்டத்தில் நின்று பார்க்க விட மாட்டார்கள், வேறு நாளில் போங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டு அம்மா. ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்து வந்து, “அக்கா, கழுத்தில் ஒரு சங்கிலி சேர்த்துத் தர முடியுமா?” என்று கேட்கிறார்கள். ஸ்டூடியோவில் நகை சேர்ப்பார்கள், நரையை எடுப்பார்கள், நீள்வட்டத்தில் மார்புக்கு மேல் மட்டும் வெட்டுவார்கள். தெய்வத்துக்கு நான்கு கை வைக்கும் நாம், பெற்றவளுக்கு ஒரு கையைக்கூட விடுவதில்லை. கை தெரிகிற படம் ஒன்று இருந்தால், மங்கலாக இருந்தாலும் அதையே கொண்டு வாருங்கள். அரிவாள்மனை முன் உட்கார்ந்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

பழைய காலண்டர் தாயைச் சட்டம் போடக் கொடுக்கும்போது, கீழே இருக்கும் விளம்பரப் பட்டையை வெட்டச் சொல்லாதீர்கள். ஓவியர் கையெழுத்து, அச்சகத்தின் பெயர், எந்த ஜவுளிக்கடை எந்த வருடம் கொடுத்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அழகு கெடுகிறது என்றால் பின்பக்கம் மடித்துவிட்டு ஹார்ட்போர்டு வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் கூலி எதுவும் ஆகாது.