மலையில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு நாய் வாங்கும் முன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் எத்தனையோ வீடுகளில் இன்று வயதான இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். சில வீடுகளில் ஒருவர் மட்டும். பிள்ளைகள் பெங்களூரில், சென்னையில், இல்லை அதற்கும் அப்பால். அம்மா போன பிறகு அப்பா ஒண்டியாக இருக்கிறாரே என்ற கவலை வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது நாய்தான். யோசனையில் தப்பில்லை. நாய் இருந்தால் மனிதர் காலையில் எழுந்தே தீர வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், கொஞ்சமாவது நடக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், நாயைத் தேர்ந்தெடுப்பது மகனோ மகளோ. அதோடு காலம் தள்ளப் போவது அப்பா. சின்ன வயதில் தனக்குக் கிடைக்காத நாயை அப்பா பெயரில் வாங்குகிற பிள்ளைகள் நிறைய.

அதனால் முதலில் அவரைக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் போதாது. மகன் மனம் நோகக்கூடாது என்று "சரி, வாங்கிக்கொடுப்பா" என்பார். செலவு வைக்கக்கூடாது என்று "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்றும் சொல்வார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டு நாயை அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

குட்டி வேண்டாம்

இருப்பதிலேயே பெரிய தவறு குட்டி வாங்குவது. இரண்டு மாதக் குட்டி பார்க்க அழகுதான். அது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்காவது ஒன்றுக்குப் போகும். அதைக் குனிந்து துடைக்க வேண்டியவருக்கு முட்டிவலி. நடக்கும்போது காலுக்குள் காலாகப் புகுந்து வரும். செருப்பு, மூக்குக் கண்ணாடி, கழற்றி வைத்த காது மெஷின் எல்லாம் அதன் பல்லுக்குத் தீனி. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவில் அதை வெளியே கூட்டிப் போவது யார்? ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி என்று ஆஸ்பத்திரி நடை வேறு.

லேப்ரடார் சாது என்று எல்லோரும் சொல்வார்கள். வளர்ந்த லேப்ரடார் சாதுதான். எட்டு மாத லேப்ரடார் 25 கிலோ எடையில் துள்ளிக் குதிக்கும் குழந்தை. ஆசையோடு மேலே பாய்ந்தாலே போதும், பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு போய்விடும். அப்புறம் ஆயுள் கணக்கு ஒன்று இருக்கிறது. 75 வயதுக்காரருக்கு வாங்கிய சிறிய இனக் குட்டி, அவர் 88 வயதைத் தொடும்போதும் உயிரோடு இருக்கலாம்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள், வீட்டுக்குள் இருந்து பழகிய நாய்தான் இந்த வேலைக்குச் சரி. அதன் குணம் கண்ணெதிரே தெரிகிறது. குட்டி எப்படி வளரும் என்று விற்கிறவருக்கே தெரியாது. விலங்குக் காப்பகங்களில் கேட்கலாம். குன்னூர் பக்கத்து ராணுவக் குடியிருப்பான வெலிங்டன் மாதிரி இடங்களிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள் நல்ல வீடு தேடுகிறார்களா என்று விசாரித்து வைக்கலாம். அப்படியும் குட்டிதான் என்று அடம் பிடித்தால், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வதையாவது நினைவில் வையுங்கள். ஒரு மாதக் குட்டியைப் பையில் போட்டுக் கொடுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது பெரியவரையும் அழைத்துப் போங்கள், அவர் தினமும் இருக்கிற கோலத்தில். மலையில் அது குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், சால்வை, கையில் தடி. தடியைத் தூக்கினால் பதுங்கி உறுமும் நாய்கள் உண்டு, அடி வாங்கியவை. குல்லா போட்ட முகத்தைக் கண்டாலே குரைக்கும் நாயும் உண்டு. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தவறவிட்டுப் பாருங்கள். திடுக்கிட்டு, பிறகு வந்து மோந்து பார்க்கிற நாய் நல்ல நாய். ஓடி ஒளிந்து வெகுநேரம் வராத நாய்க்குப் பொறுமையும் தெம்பும் உள்ள வேறு வீடு வேண்டும்.

ஊட்டி குளிர், அதனால் ஹஸ்கி

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குளிர் உண்மைதான். ஆனால் ஹஸ்கி சைபீரியாவில் பனிவண்டி இழுத்த இனம். அதற்குத் தேவை குளிர் மட்டுமல்ல, ஓட்டமும். பெரியவர் மார்க்கெட் வரை போய்த் திரும்பும் நடை அதற்குச் சோம்பல் முறிப்பது மாதிரி. மீதித் தெம்பை அது சோஃபாவில் காட்டும்.

நம்ம ஊர் இனம் என்ற பெருமையில் சிப்பிப்பாறை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தெற்குச் சீமையின் வெயிலுக்கும் முயல் வேட்டைக்கும் வந்த நாய் அது. மெல்லிய ரோமம், மலைக்குளிரில் நடுங்கும். தேயிலைத் தோட்டத்தில் கேளையாடு என்கிற காட்டு மான் ஓடினால் பின்னாலேயே பாயும். அகப்பட்டால் வனத்துறை வழக்கு. ராஜபாளையம் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைச் சந்தேகிக்கும். பீகிள் மூக்கு போன வழியே போகும், கூப்பிட்டால் காது கேட்காது. பக் மேட்டில் ஏறும்போது மூச்சுக்குத் திணறும். டாஷுண்டுக்கு நீண்ட முதுகு, குன்னூர் வீட்டுப் படிகள் அதற்கு ஆகாது. பொமரேனியன் அளவு சரிதான், ஆனால் மூடுபனி மாதங்களில் அந்த அடர்ந்த ரோமம் ஈரம் காயாமல் சிக்கு விழுந்து தோல் அரிக்கும். வாதம் பிடித்த விரல்களால் தினமும் சீவிவிட முடியுமா என்று பாருங்கள். ஊட்டி, கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் அதிகம். நாய் துவட்ட ஒரு துண்டு வாசலிலேயே தொங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு கிலோ, குட்டை ரோமம், இனம் தெரியாத கலப்பு நாய். பெரியவரால் தூக்க முடியாவிட்டாலும் ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கி வண்டியில் வைத்துவிடலாம். 30 கிலோ நாய் மழை நாளில் படுத்துவிட்டால், ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இருக்கும் வீட்டிலிருந்து அதை மேலே கொண்டு வருவது யார்?

காவலும் வேண்டும், துணையும் வேண்டும்

இரண்டையும் ஒரே நாயிடம் எதிர்பார்ப்பது அடுத்த தவறு. ஆளைப் பார்த்துப் பாயும் நாய், ஊசி போட வரும் நர்சையும், சிலிண்டர் கொண்டு வருகிறவரையும், அப்பா கீழே விழுந்துவிட்டால் தூக்க ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரரையும் உள்ளே விடாது. குரைத்துத் தகவல் சொன்னால் போதும், மிச்சத்தைப் பூட்டு பார்த்துக்கொள்ளும்.

காவலுக்கு என்று இரவில் வாசலில் கட்டிப்போடுவது இன்னும் மோசம். நீலகிரியில் சிறுத்தைகள் நாய் தேடி வீட்டு வாசல் வரை வருகின்றன. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடக்கூட முடியாது. அதற்கும் மேலே ஒரு ஆபத்து. நாய் விடாமல் குரைக்கிறதே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போகும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் ரேஷன் சாமானுக்கும் கரடி கதவை உடைக்கிற ஊர் இது. அவிழ்த்துவிட்ட நாய் கரடியையோ காட்டெருமையையோ சீண்டிவிட்டு நேராக எஜமானர் காலடிக்குத்தான் ஓடிவரும், துரத்துகிற மிருகமும் கூடவே வரும். எனவே இருட்டும் முன் நாயின் கடைசி நடை முடிந்துவிட வேண்டும். இரவு நாய் வீட்டுக்குள். எவ்வளவு குரைத்தாலும் கதவு திறக்கக்கூடாது. இதை அப்பாவிடம் ஒருமுறை சொன்னால் போதாது. கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பகலிலும் வளைவில் காட்டெருமை நிற்கும், கொடைக்கானலிலும் இதே கதைதான். பெல்ட்டை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நாய் ஒரு இழுப்பு இழுத்தால் கையும் போகும், ஆளும் இறக்கத்தில் உருளுவார். இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கயிறும் வேண்டாம். அகலமான, நீளம் மாறாத பெல்ட், கழுத்துக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ், பிடியை விட்டுவிடலாம் என்கிற மனநிலை, இவை போதும். நாய் ஓடினால் திரும்பி வரும்.

வர்க்கி, சாக்லேட், மாத்திரை

காலை டீயோடு ஒரு வர்க்கி அப்பாவுக்கு, ஒரு வர்க்கி நாய்க்கு. ஆறு மாதத்தில் நாய் உருண்டையாகிவிடும். வர்க்கியில் உள்ள கொழுப்பு அதன் கணையத்துக்கும் ஆகாது. தடுக்க முடியாது என்றால், கையால் கொடுப்பதற்கு வேகவைத்த கேரட் துண்டு ஒரு டப்பா வையுங்கள். ஊட்டியில் கேரட்டுக்குப் பஞ்சமா?

சாக்லேட் விஷயத்தில் விளையாட்டு கூடாது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் விருந்தாளிக்கென்று ஹோம்மேட் சாக்லேட் எப்போதும் மேசையில் இருக்கும். அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம். கறுப்பு சாக்லேட் இன்னும் கடுமை. பாயசத்துத் திராட்சையும் ஆகாது. அப்பாவின் மாத்திரைகள் தலைமாட்டு ஸ்டூலில் இருக்கின்றனவா? மூடி போட்ட டப்பாவில், உயரத்தில் வையுங்கள். நாய் நொண்டுகிறது என்று தன் பாராசிட்டமாலில் பாதியை அதற்குக் கொடுக்கும் பெரியவர்களும் உண்டு. அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், ஐபுப்ரோஃபெனையும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? நாயின் நகம் லேசாகக் கீறினாலும் ரத்தம் நிற்க நேரமாகும். நகத்தை மாதம் ஒருமுறை வெட்ட யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். கடியோ கீறலோ பட்டால் பெரியவர்கள் மறைக்கப் பார்ப்பார்கள், நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. வெறிநாய்க்கடிக்கென்றே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த ஊரிலேயே இருந்தாலும் ஊசி போட்டால்தான் பாதுகாப்பு. காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி தவறக்கூடாது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தால்?

நாய் வாங்கும்போது யாரும் பேசாத விஷயம் இது. அப்பாவுக்குப் பிறகு என்ன என்பதைப் பிறகு பேசலாம். நாளைக்கே கண் ஆபரேஷனுக்குக் கோவை போய் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தால் நாய்க்குச் சோறு வைப்பது யார்? பெங்களூரில் இருக்கும் மகனால் ஒன்றும் செய்ய முடியாது. நாய்க்குப் பழக்கமான, சாவி கையில் வைத்திருக்கிற, நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒருவர் வேண்டும். நாய் வரும் முன்பே அவரிடம் பேசி, தீனிச் செலவுக்கும் டாக்டர் செலவுக்கும் பணம் கொடுத்து வைக்க வேண்டும்.

அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் நாய் வாங்காதீர்கள். தெருவிலேயே காது நுனி வெட்டிய, அதாவது கருத்தடை முடிந்த சாதுவான நாய் ஒன்று இருக்கும். அதற்கு ஆண்டுதோறும் ஊசி போட ஏற்பாடு செய்துவிட்டு, அப்பா மதியம் சோறு வைக்கட்டும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அதற்குச் சோறு போட இன்னும் இரண்டு வீடு இருக்கும்.