ஜப்பானியக் கிராமத்துக் குடும்பச் சாபக் கதை எழுதுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானிய நாட்டுப்புறத் திகில் கதை எழுத முயலும் பலரும் முதலில் பேயைத்தான் உருவாக்குகிறார்கள். அதன் பிறகு பேய்க்கு ஒரு வீட்டையும் வீட்டுக்கு ஓர் ஊரையும் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால்தான் கதை நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானியக் கிராமங்களில் குடும்பச் சாபம் என்பது, ஒரு வீடு ஏன் திடீரென்று செழித்தது, ஏன் திடீரென்று அழிந்தது என்பதற்கு அக்கம்பக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விளக்கம். ஆகவே முதலில் நிலத்தையும் கடனையும் முடிவு செய்யுங்கள். பேய் அங்கிருந்து தானாக எழும். கீழே உள்ள படிகளில் ஒரே ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொண்டு அதைக் கட்டிச் செல்வோம்.

படி 1: ஒரு வட்டாரத்தையும் அதற்குரிய நம்பிக்கையையும் தேர்ந்தெடுங்கள்

சில குடும்பங்கள் கண்ணுக்குத் தெரியாத விலங்கு ஆவிகளை வளர்க்கின்றன, அவை பிறரைப் பிடித்து நோயாக்குகின்றன, அந்த உரிமை பரம்பரையாகத் தொடர்கிறது என்ற நம்பிக்கை ஜப்பானின் பல பகுதிகளில் இருந்தது. அத்தகைய குடும்பங்களை ட்சுகிமோனோ-சுஜி என்பார்கள். ஆனால் விலங்கு ஊருக்கு ஊர் மாறும். ஷிகோகு தீவின் கோச்சி, தொகுஷிமா பகுதிகளில் அது இனுகாமி என்னும் நாய் ஆவி. குன்மா பகுதியில் ஒசாகி என்னும் சிறு நரி ஆவி. நாகானோ மலைகளில் மூங்கில் குழாய்க்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய குதா நரி. இவற்றை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்த கணத்தில் கதைக்கு ஊர் இல்லாமல் போய்விடும்.

நம் மாதிரிக் கதைக்கு ஷிமானே மாகாணத்தின் கிழக்கிலுள்ள இசுமோ பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே பேசப்படுவது மரநாயைப் போன்ற உருவமுள்ள சிறு நரி. ஒரு வீட்டில் எழுபத்தைந்து நரிகள் குடியிருக்கும் என்றும், அந்த வீட்டுப் பெண் மணமாகிச் செல்லும்போது அவையும் அவளோடு புகுந்த வீட்டுக்குச் செல்லும் என்றும் சொல்வார்கள். 1890இல் இசுமோவின் மாட்சுவே நகரில் ஆசிரியராகச் சேர்ந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹேர்ன், நரி வீடு என்று பெயர் பெற்றவர்களின் பெண்களுக்கு வரன் கிடைப்பதும் அவர்களுடைய நிலத்தை உரிய விலைக்கு விற்பதும் கடினம் என்று பதிவு செய்திருக்கிறார். திருமணமும் நிலமும் என்ற இந்த இரண்டு மட்டுமே நம் கதைக்குப் போதும்.

படி 2: செல்வம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜப்பான் முழுவதும் பரவியிருக்கும் ஒரு பழங்கதையை இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். பழைய ஜப்பானின் அறுபத்தாறு மாகாணங்களின் புனிதத் தலங்களுக்குப் புத்தச் சூத்திரப் பிரதிகளைக் கொண்டு செல்லும் ரொகுபு என்னும் யாத்திரிகர் ஒருவர், ஓர் உழவர் வீட்டில் இரவு தங்குகிறார். அவரிடம் பணம் இருப்பதைக் கண்ட உழவர் அவரைக் கொன்றுவிடுகிறார். வீடு செழிக்கிறது, குழந்தை பிறக்கிறது, ஆனால் அது பேசுவதில்லை. ஒரு நிலவிரவில் சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லும்போது குழந்தை முதன்முறையாக வாய் திறந்து, நீ என்னைக் கொன்றதும் இப்படி ஓர் இரவில்தான் என்கிறது. ஊரில் ஒரு குடும்பம் மட்டும் ஏன் பணக்காரர் ஆயிற்று என்ற கேள்விக்கு ஏழை அண்டைவீட்டார் தந்த பதில் இந்தக் கதை என்று நாட்டாரியல் ஆய்வாளர் கொமாட்சு கசுஹிகோ விளக்கியிருக்கிறார். அந்த விளக்கம் எழுத்தாளருக்கு ஒரு கருவி.

நம் கதையில் கொலை வேண்டாம், கடன் போதும். 1732இல் பூச்சிகள் நெற்பயிரை அழித்ததால் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம் வந்தது. நிலத்தை நிரந்தரமாக விற்பதற்கு 1643 முதல் தடை இருந்தபடியால், உழவர்கள் வயலை அடகு வைத்தே நெல் வாங்கினார்கள். மீட்க முடியாதபோது வயல் கடன் கொடுத்தவருக்குப் போயிற்று. நம் குடும்பம் அப்படித்தான் நிலக்கிழார் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனைப் பொருத்தம் அன்று. நரி வீடு என்று பெயர் பெற்ற குடும்பத்திலேயே பிறந்து அந்த நம்பிக்கையை ஆராய்ந்த ஹயாமி யசுதகா, இசுமோவில் முதன்முதலில் அப்படிப் பழிக்கப்பட்டவர்கள் எடோ காலத்தின் (1603–1868) நடுப்பகுதியில் புதிதாகச் செல்வம் சேர்த்த நிலக்கிழார்களே என்று வாதிட்டார்.

இப்போது ஒரு தாளில், எந்த வயல், அது யாருடையது, எவ்வளவு நெல்லுக்காகப் போனது என்று எழுதுங்கள். ஐந்து வயல்கள் போதும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் வையுங்கள், ஏனெனில் பிற்பாடு கதையில் திகில் நுழையப்போவது அந்தப் பெயர்களின் வழியாகத்தான்.

படி 3: ஊரைக் கட்டுங்கள்

மூல வீடாகிய ஹொன்கே, அதிலிருந்து பிரிந்த கிளை வீடாகிய புன்கே, குடும்பம் சார்ந்திருக்கும் புத்தக் கோயில், வளாகத்தின் மூலையில் வீட்டுத் தெய்வத்தின் சிறு மாடம், சேமிப்புக் கிடங்கு ஆகிய இவ்வளவும் இருந்தால் ஊர் தயார். கோயிலில் ககோச்சோ என்னும் இறந்தோர் பதிவேடு இருக்கும். வீட்டுப் பூசைப் பேழைக்குள் இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் இருக்கும். ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்கினால், தீயணைப்பும் இறுதிச்சடங்கும் தவிர மற்ற எல்லா ஒத்துழைப்பும் நின்றுவிடும். அதற்கு முராஹாச்சிபு என்று பெயர். உண்மை முழுவதையும் ஒருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கோயிலுக்குச் சாவு தெரியும், கிளை வீட்டுக்குக் கடன் தெரியும், அண்டைவீட்டாருக்கு வதந்தி தெரியும்.

படி 4: சாபத்துக்கு இரண்டு காரணங்கள் கொடுங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் இயல்பான காரணம் ஒன்றும் ஊர் சொல்லும் காரணம் ஒன்றும் இருக்க வேண்டும். இதை இவாதே மாகாணத்தின் தோனோவிலிருந்து கற்றுக்கொள்ளலாம். தோனோவைச் சேர்ந்த சசாகி கிசென் சொல்லக் கேட்டு நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட ‘தோனோ கதைகள்’ நூலில், யாமகுச்சி என்னும் ஊரின் செல்வந்தர் வீடு ஒன்று வருகிறது. வீட்டுக்குச் செழிப்புத் தரும் ஸாஷிகி-வாராஷி என்னும் குழந்தை உருவங்கள் இரண்டு, சிறுமிகளாக, அந்த வீட்டைவிட்டு வேறோர் ஊர் வீட்டுக்குப் போவதை ஒருவர் பாலத்தருகே பார்க்கிறார். சிறிது காலத்தில் அந்த வீட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறக்கிறார்கள். காரணம் நச்சுக் காளான். நீரில் போட்டுச் சணல் தண்டால் நன்றாகக் கிளறினால் எந்தக் காளானும் தீங்கு செய்யாது என்று வேலையாள் ஒருவன் சொன்னதை நம்பி எல்லோரும் உண்டார்கள். விளையாட்டு மும்முரத்தில் மதிய உணவுக்கு வர மறந்த ஏழு வயதுச் சிறுமி மட்டும் பிழைத்தாள்.

இதற்கு அடுத்து வரும் செய்திதான் என்னை எப்போதும் உலுக்குகிறது. சாவுக் குழப்பம் அடங்குவதற்குள் உறவினர்கள் வந்து, உயிரோடிருந்தபோது கடன் கொடுத்திருந்தோம் என்றும் வாக்குறுதி இருந்தது என்றும் சொல்லி, வீட்டிலிருந்த மிசோ என்னும் புளித்த சோயாப் பசை வரை எடுத்துச் சென்றுவிட்டார்கள். காளானும் உண்மை, வாராஷியும் உண்மை, உறவினரின் பேராசையும் உண்மை. கதை எதையும் மறுப்பதில்லை. நம் கதையிலும் அவ்வாறே செய்வோம்: மூல வீட்டில் மணமாகாமலே இறந்த பெண்களின் பெயர்ப்பலகைகள் தலைமுறைக்கு ஒன்றாக இருக்கின்றன. நரியின் வேலை என்பது ஊரின் விளக்கம். வரன் கொடுக்க மறுத்தது அதே ஊர்தான்.

படி 5: இன்றைய மனிதரை உள்ளே கொண்டு வாருங்கள்

2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக உள்ளன. 2024 ஏப்ரல் முதல், பரம்பரைச் சொத்து கிடைத்ததை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டது. இந்தச் சட்டம் கதாசிரியருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு: ஒசாகாவில் வாழும் பேத்தி, பார்த்தே இராத ஊருக்குப் பத்திரங்களோடு போயே ஆக வேண்டியிருக்கிறது. அவளை வயல்களை விற்க விடுங்கள்.

படி 6: திகில் காட்சியை அன்றாடப் பேச்சில் எழுதுங்கள்

ரொகுபு கதையின் குழந்தை அலறவில்லை, பேசியது, அவ்வளவே. அதே அடக்கத்தைக் கடைப்பிடியுங்கள். நம் கதைக்கு ஒரு மாதிரி:

வாசலில் தேநீரை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மூதாட்டி பத்திரத்தைத் தொடாமலே சொன்னார்: “விலை அதிகம் என்று நாங்கள் மறுக்கவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் இன்னும் கல்யாணம் ஆகாத பெண் இருக்கிறாள். அந்தக் கீழ்வயலை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வந்தவர்களுக்கும் இருக்க இடம் வேண்டுமல்லவா?” பேத்தி தனியாகத்தான் வந்திருந்தாள்.

இங்கே நரி ஒன்றும் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளோடு வந்தவர்கள் யார் என்று வாசகர் யோசிக்கத் தொடங்கினால் போதும்.

படி 7: முடிவையும் பெயர்களையும் சரிபாருங்கள்

துறவி ஒருவர் மந்திரம் ஓதிச் சாபத்தை நீக்குவதாக முடிக்காதீர்கள். வயல் திரும்பக் கொடுக்கப்படாதவரை கணக்கு முடியாது. கொடுக்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை என்பதே நம் கதையின் முடிவாக இருக்கட்டும்.

ஊருக்கும் குடும்பத்துக்கும் கற்பனைப் பெயரே வையுங்கள். இந்த நம்பிக்கையால் உண்மையான குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் திருமணத்தில் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். அந்தக் குடும்பம் மெய்யாகவே நரி வளர்த்தது என்று உங்கள் கதைசொல்லியின் குரலில் ஓரிடத்திலும் உறுதிப்படுத்தாதீர்கள். அதை ஊராரின் வாயில் மட்டும் வையுங்கள். கடைசியாக, இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுத்து, ஐந்து வயல்களில் எவை கதைக்குள் வந்திருக்கின்றன என்று குறியிடுங்கள். வராத வயலைத் தாளிலிருந்து நீக்குங்கள். எந்த வயலோடும் தொடர்பில்லாத பயமுறுத்தல் காட்சியைக் கதையிலிருந்து நீக்குங்கள்.