மைலுக்கு எத்தனை சென்ட் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள்: டிரக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவில் டிரக் ஓட்டத் தேவையான சி.டி.எல். உரிமம் கைக்கு வந்துவிட்டால் போதும், கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர்களின் போன் ஓயாது. மைலுக்கு இத்தனை சென்ட், புது டிரக், சேர்ந்தால் போனஸ், வாரக் கடைசியில் வீடு என்று ஆளாளுக்கு அடுக்குவார்கள். நம்மை இவ்வளவு பேர் தேடுகிறார்களே என்று மனசு குளிர்ந்துபோகும். ஆனால் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். நீண்டதூர லோடு ஓட்டும் பெரிய கம்பெனிகளில் ஆண்டுக்கு 90 சதவீதத்துக்கு மேல் டிரைவர்கள் மாறிய ஆண்டுகள் பல உண்டு. குறை சொல்பவர்கள் போட்ட கணக்கு இல்லை இது. முதலாளிகளின் அமைப்பான அமெரிக்க டிரக்கிங் சங்கமே வெளியிட்டது. ஆள் வராததால் மட்டும் அவர்கள் ஆள் தேடவில்லை, வந்தவர்கள் நிற்காததாலும் தேடுகிறார்கள்.

ஏன் நிற்பதில்லை என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட பதில் இது: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். வண்டி நிற்கும்போதுதான் குணம் தெரியும். கிடங்கு வாசலில் காத்திருக்கும்போது, பிரேக்டவுன் ஆகும்போது, பனியில் சாலையை மூடும்போது, உடம்புக்கு முடியாமல் போகும்போது. சேருவதற்கு முன் இந்த நிற்கும் நேரத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவதுதான் முக்கால்வாசித் தவறுகளுக்கும் வேர்.

சென்ட் கணக்கில் மயங்குவது

மைலுக்கு 60 சென்ட் தரும் கம்பெனி ஒன்று, 55 சென்ட் தரும் கம்பெனி ஒன்று. முதலாவதில் வாரத்துக்கு 2,200 மைல்தான் கிடைக்கிறது என்றால் கைக்கு வருவது 1,320 டாலர். இரண்டாவதில் 2,700 மைல் கிடைத்தால் 1,485 டாலர். ஆகவே சென்ட்டுக்கு முன்னால் மைலைக் கேட்க வேண்டும். போன மூன்று மாதத்தில் இங்கே ஓட்டுபவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மைலுக்குச் சம்பளம் போயிருக்கிறது? "நல்லா ஓட்டுறவங்க 3,000 மைல்கூட ஓட்டுவாங்க" என்று ரெக்ரூட்டர் சொன்னால், அவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், எந்த மைல்? ஓடோமீட்டரில் ஏறும் மைலுக்கு அப்படியே பணம் தரும் கம்பெனிகள் குறைவு. வீட்டுச் சாமான் ஏற்றும் தொழிலுக்காக ஒரு காலத்தில் போட்ட தூர அட்டவணையை வைத்துச் சம்பளம் தரும் கம்பெனிகள் உண்டு. அது குறுக்கு வழித் தூரம். டிரக் போகிற வழி அதைவிட நீளம். நீங்கள் 1,080 மைல் ஓட்டியிருப்பீர்கள், சம்பளச் சீட்டில் 1,000 என்று இருக்கும். முதல் சீட்டைப் பார்த்துவிட்டு ஓடோமீட்டர்தான் கெட்டுப்போச்சோ என்று சந்தேகப்பட்டவன் நான். டிரக் போகும் சாலைகளை வைத்துக் கணக்கிடும் பிராக்டிகல் மைல் என்றால் இந்த இழப்பு குறையும். காலி டிரெய்லரோடு ஓடும் டெட்ஹெட் மைலுக்கும் அதே விகிதமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் ஓடும்போது வரும் இழப்பு. நிற்கும்போது வருவது இதைவிடப் பெரிது. சரக்கை அனுப்பும் ஷிப்பரிடமோ வாங்கும் ரிசீவரிடமோ போய் நின்றால் முதல் இரண்டு மணி நேரம் இலவசம் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அதற்கு மேல் காத்திருப்புக்கு டிடென்ஷன் என்று ஒரு தொகை உண்டு. உண்டு என்பது சரி, யாருக்கு உண்டு? வாடிக்கையாளர் கொடுத்தால்தான் டிரைவருக்குத் தருவோம் என்பது ஒரு வகைக் கம்பெனி. அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எங்கள் டிரைவருக்கு நாங்கள் தந்துவிடுவோம் என்பது இன்னொரு வகை. கிடைத்தால் இரண்டாவது வகையில் சேருங்கள், சென்ட் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

காத்திருப்பில் போவது அந்த நேரம் மட்டும் இல்லை. மத்திய அரசின் விதிப்படி, பத்து மணி நேர ஓய்வு முடிந்து வேலையைத் தொடங்கினால் 14 மணி நேரத்துக்குள்தான் ஓட்ட முடியும். அதற்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கலாம். கிடங்கில் ஐந்து மணி நேரம் நின்றாலும் அந்த 14 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேபினில் இருக்கும் படுக்கையான ஸ்லீப்பரில் ஓய்வைப் பிரித்து எடுக்கும் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது எல்லா நாளும் கைகொடுக்காது. ஆக, காத்திருந்ததற்கும் காசில்லை, அன்றைக்கு ஓட்டியிருக்க வேண்டிய மைலும் போச்சு. ஓவர்டைம் கேட்கலாமே என்றால், 1938-இல் வந்த மத்தியத் தொழிலாளர் தரச் சட்டம் மாநிலம் தாண்டி ஓடும் டிரக் டிரைவர்களை ஓவர்டைம் பகுதியிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. சட்டம் கொடுக்காததைக் கம்பெனி தானாகக் கொடுக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. டிடென்ஷன், ஒரு நாள் முழுக்க நின்றால் லேஓவர், ரிப்பேர் ஷாப்பில் கிடந்தால் பிரேக்டவுன் பணம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும்.

சேரும் போனஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10,000 டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுக்குத் துண்டு துண்டாக வரும், நடுவில் விலகினால் மிச்சம் வராது. கம்பெனி செலவில் உரிமப் பயிற்சி என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். குறித்த காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவு உங்கள் கடனாக மாறும். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, அவர்களே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

லீஸில் வண்டி எடுத்து முதலாளி ஆகிவிடலாம் என்று நம்புவது

"பணம் எதுவும் கட்ட வேண்டாம், கடன் வரலாறு பார்க்க மாட்டோம், இன்றைக்கே சொந்த வண்டிக்காரர் ஆகலாம்." இதைச் சொல்லும் கம்பெனியிடம்தான் வண்டியும் இருக்கிறது, லோடும் இருக்கிறது. வாராவாரம் தவணை, இன்சூரன்ஸ், டீசல், பராமரிப்பு நிதி எல்லாம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மைல் குறைந்த வாரத்திலும் தவணை குறையாது. மைலைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் கையில். வண்டி ஷாப்பில் பத்து நாள் நின்றால், கம்பெனி டிரைவருக்குச் சம்பளம் குறையும், அவ்வளவுதான். லீஸ் எடுத்தவர் அந்தப் பத்து நாளில் கம்பெனிக்கே கடன்பட்டிருப்பார்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நியூ பிரைம் என்ற பெரிய கம்பெனிக்கு எதிராக ஒரு டிரைவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிடித்தம் போக ஒன்றும் மிஞ்சாத, கடன்பட்டு நின்ற வாரங்களும் இருந்தன என்பது அவர் புகார். டிரைவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்ற பேதம் இல்லாமல், அவரை நீதிமன்றத்தைத் தவிர்த்துத் தனி மத்தியஸ்தத்துக்குப் போகும்படி மத்திய மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பிறகு அரசே அமைத்த டிரக் லீஸிங் பணிக்குழு, தவணை கட்டி வண்டியைச் சொந்தமாக்கலாம் என்னும் இப்படிப்பட்ட லீஸ்-பர்ச்சேஸ் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே 2025-இல் பரிந்துரைத்தது.

அப்படியும் லீஸில்தான் போவேன் என்பவர்கள் இரண்டு விதிகளைத் தெரிந்துவைத்திருங்கள். டெலிவரிக் காகிதங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் கணக்குத் தீர்த்துப் பணம் தர வேண்டும். எஸ்க்ரோ என்று முன்பணம் போலப் பிடித்துவைத்த தொகையை ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மத்திய லீஸ் விதிகளில் இருப்பவை இவை. கம்பெனி கணக்குப் பிரிவிடம் இவற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். லீஸ் இல்லாமல் கம்பெனி வண்டியையே ஓட்டச் சொல்லிவிட்டு, சம்பளத்தை மட்டும் ஒப்பந்தக்காரருக்கான 1099 படிவத்தில் தருவோம் என்றால் அது இன்னும் மோசம். வண்டி அவர்களுடையது, நேரம் அவர்கள் சொல்வது, சுயதொழில் வரி 15.3 சதவீதம் மட்டும் உங்கள் தலையில்.

கதவில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் விடுவது

ஒவ்வொரு டிரக்கின் கதவிலும் யு.எஸ்.டி.ஓ.டி. எண் எழுதியிருக்கும். மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் சேஃபர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் காசில்லாமல் கம்பெனியின் ஜாதகம் வந்துவிடும். எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், கடந்த 24 மாதத்தில் எத்தனை சோதனை, எத்தனை விபத்து, எல்லாம் இருக்கும். இதைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுபவர்கள் ஒரு பக்கம். பார்த்துவிட்டுத் தப்பாகப் படிப்பவர்கள் இன்னொரு பக்கம்.

விபத்து எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யார் தப்பு என்று அதில் இருக்காது. ஆயிரக்கணக்கில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு எண்ணிக்கை கூடத்தான் செய்யும். நான் நேராகப் போவது 'அவுட் ஆஃப் சர்வீஸ்' சதவீதத்துக்கு. அதாவது, சோதனையின்போது இதற்கு மேல் நகரக்கூடாது என்று நிறுத்திவைக்கப்பட்டவர்கள் எத்தனை சதவீதம். பக்கத்திலேயே தேசியச் சராசரியும் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். வண்டிகளின் சதவீதம் சராசரியைத் தாண்டி நின்றால் பிரேக், டயர், விளக்கு போன்றவற்றைச் சரி செய்யாமல் ஓட்ட விடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். டிரைவர்களின் சதவீதம் கூடினால் மணிநேர விதியை மீறும் அளவுக்கு அங்கே ஓட வைக்கிறார்களா என்ற சந்தேகம் வர வேண்டும். மூன்று சோதனை மட்டுமே நடந்த சின்னக் கம்பெனிக்கு 33 சதவீதம் என்று இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, ஒரே ஒரு வண்டி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

'திருப்திகரம்' என்ற பாதுகாப்பு மதிப்பீட்டைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அருகில் தேதி இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய திருப்தியாக இருக்கலாம். மதிப்பீடே இல்லாத கம்பெனிகள்தான் அதிகம், அது குற்றமும் இல்லை.

பெரிய கம்பெனி என்றால் பத்திரம் என்று நினைப்பது

செலடான் என்ற பெரிய டிரக் கம்பெனி 2019 டிசம்பரில் திவால் மனு போட்டபோது, டிரைவர்கள் நாடு முழுக்க நடுவழியில் இருந்தார்கள். டீசல் கார்டு வேலை செய்யாமல் பலர் நின்றுபோனார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஓடிய யெல்லோ கம்பெனி 2023-இல் மூடியபோது 30,000 பேருக்கு வேலை போனது. சின்னக் கம்பெனிதான் நல்லது என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் இதே கதை நடக்கும், செய்தியில் வராது அவ்வளவுதான். சம்பளம் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போவது, டீசல் கார்டில் திடீரென்று வரம்பு வருவது, டயர் மாற்றக் கேட்டால் அடுத்த வாரம் என்பது. சேருவதற்கு முன் இதை அங்கே ஓட்டுபவர்களிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ரெக்ரூட்டரிடமே எல்லாவற்றையும் கேட்பதும் இதனால்தான் தவறு. ஆள் சேர்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. சேர்ந்த பிறகு உங்கள் வாழ்க்கை, லோடு கொடுத்து அனுப்பும் டிஸ்பாட்சர் கையில். அவரிடம் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேளுங்கள். டிரக் ஸ்டாப்பில் அந்தக் கம்பெனி வண்டி நின்றால், ஓர் ஆண்டைத் தாண்டியவரா என்று பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் புலம்பத்தான் செய்வார்கள். "கடைசியா முடியாதுன்னு எப்ப சொன்னீங்க, அப்ப என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

இந்த 'முடியாது' சின்ன விஷயம் இல்லை. 2009 ஜனவரியில், இல்லினாயில் உறைபனி இரவு. டிரெய்லர் பிரேக் உறைந்துவிட்டது, கேபினில் ஹீட்டரும் இல்லை. ரிப்பேர் ஆள் வர மணிக்கணக்கானதால் ஒரு டிரைவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார், பிறகு திரும்பியும் வந்தார். டிரெய்லரை விட்டுப் போனதற்காகக் கம்பெனி அவரை வேலையை விட்டு எடுத்தது. டிரைவர் பக்கமே நியாயம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லும்போது 2016 ஆகிவிட்டது. அந்த அமர்வில் மாறுபட்ட ஒரே நீதிபதி நீல் கோர்சச், அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்கு அப்படியொரு கேபினில் இரவு தங்கிய அனுபவம் இருந்திருக்காது.

பாதுகாப்பில்லாத வண்டியை ஓட்ட மறுத்தவரைப் பழிவாங்கக்கூடாது என்று 1982-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விதியை மீறி ஓட்டும்படி மிரட்டக்கூடாது என்று 2016-இலிருந்து தனி விதியே இருக்கிறது. ஆனால் ஏழு ஆண்டு கழித்து வரும் நீதியை வைத்து அந்த மாத வாடகை கட்ட முடியாது. "தூக்கம் வருது, நிறுத்துறேன்" என்றால் "சரி, எழுந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லும் டிஸ்பாட்சர் இருக்கும் இடமாகத் தேடுவதே நல்லது.

இவ்வளவு பார்த்தும் தப்பான இடத்தில் மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது பலர் செய்வது, கோபத்தில் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவது. வண்டியைக் கைவிட்டார் என்று, டிரைவரின் பழைய வேலை விவரங்களைக் கம்பெனிகள் பார்க்கும் டாக் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் அடுத்த கம்பெனியின் கதவு திறக்காது. எவ்வளவு கோபம் இருந்தாலும் லோடை இறக்கிவிட்டு, வண்டியைக் கம்பெனி யார்டிலேயே கொண்டுபோய் விடுங்கள். உள்ளும் புறமும் போட்டோ எடுத்து, சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தவறாக எழுதியிருந்தால் மறுக்கும் உரிமையும் இருக்கிறது.