வடக்குச் சமவெளியின் குளிர்காலக் கணிப்பை வாசிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

வட டகோட்டாவின் ஃபார்கோவுக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸுக்கும் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து சேர்பவர்கள், அக்டோபர் பிறந்ததும் கேட்கும் முதல் கேள்வி "இந்த வருடம் குளிர் எப்படி இருக்கும்?" என்பதுதான். அமெரிக்க அரசின் வானிலைத் தளத்திலேயே இதற்கான விடை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அங்குள்ள வண்ணப் படத்தைப் பழக்கமில்லாத கண்ணால் பார்த்தால், சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள நேரிடும். நான் அதை எந்த வரிசையில் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: சரியான படம்

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் காலநிலைக் கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வியாழக்கிழமை மூன்று மாதக் கணிப்புகளை வெளியிடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் உரிய படத்தில் 'டிஜேஎஃப்' என்று ஆங்கில முதலெழுத்துகள் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். செய்திகளில் பெரிதாக அடிபடுவது அக்டோபர் பதிப்பு. நான் நவம்பர் பதிப்புக்காகக் காத்திருப்பேன், ஏனென்றால் அதற்குள் பசிபிக் கடலின் போக்கு இன்னும் தெளிவாகிவிடும்.

கோடையிலேயே அச்சாகி வந்துவிடும் பஞ்சாங்கப் பாணிக் கணிப்பு நூல்களை நான் தொடுவதில்லை. அரசு மையம் படத்தோடு ஒரு நீண்ட விளக்கவுரையும் தந்து, எதை வைத்துக் கணித்தோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எனக்கு அந்த வெளிப்படைத்தன்மை முக்கியம்.

படி 2: அந்தச் சதவீதம் என்ன சொல்கிறது?

இங்கே அவசரப்பட வேண்டாம். எனக்கும் விளங்க நெடுநாள் பிடித்த இடம் இதுதான்.

படத்தில் வட, தென் டகோட்டாக்களின் மேல் ஆரஞ்சு நிறமும் (இயல்பைவிட வெப்பம் என்ற பக்கச் சாய்வு) 45% என்ற அளவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் 45% கூடும் என்று அதற்குப் பொருள் இல்லை. குளிர்காலம் மிதமாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

1991 முதல் 2020 வரையிலான 30 குளிர்காலங்களை, கடுங்குளிர் தொடங்கி மிதமானது வரை வரிசைப்படுத்துங்கள். முதல் 10 'இயல்புக்குக் கீழே', நடு 10 'இயல்பை ஒட்டியது', கடைசி 10 'இயல்புக்கு மேலே'. எந்தத் தகவலும் கைவசம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் 33.3% வாய்ப்பு. வெள்ளையாக விடப்பட்டிருக்கும் 'ஈக்வல் சான்சஸ்' (சம வாய்ப்பு) பகுதி சொல்வது இதைத்தான். 'அங்கே இயல்பாக இருக்கும்' என்று பலர் அதை வாசிக்கிறார்கள். உண்மையில், எந்தப் பக்கமும் சாயச் சான்று இல்லை என்பதே அதன் பொருள்.

இப்போது 45%க்கு வருவோம். மேல் பிரிவுக்கு 45 என்றால் நடுப் பிரிவு 33.3 என்ற அளவிலேயே நிற்கும். கூடியது முழுவதும் கீழ்ப் பிரிவிலிருந்து கழிக்கப்பட்டு, அங்கே ஏறக்குறைய 22 மிஞ்சும். அதாவது ஆரஞ்சு நிறம் பூசிய அதே ஊரில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கடுங்குளிர்ப் பருவத்துக்கு வாய்ப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நிறத்தைவிட அந்த எண்கள் நேர்மையாகப் பேசும்.

இன்னொன்று: இது மூன்று மாதச் சராசரியைப் பற்றியது. 2023–24 குளிர்காலம் வட டகோட்டாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. அதே பருவத்தில்தான், ஜனவரி நடுவில், காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 30 ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே இறங்கியது. பருவம் மிதமானது என்று சராசரி சொல்லும், ஆனால் காரின் பேட்டரி செத்துப்போவது அந்த ஒரு வாரத்தில்தான்.

படி 3: மழைப்பொழிவுப் படம் பனியின் அளவைக் காட்டாது

பச்சை என்றால் ஈரம் மிகுதி, பழுப்பு என்றால் வறட்சி. ஆனால் அது அளப்பது, விழுந்த பனி உருகினால் கிடைக்கும் நீரை. பொதுவாக 10 அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்பார்கள். இங்கே வறண்ட கடுங்குளிரில் பனி பஞ்சு போல விழுவதால், 15, 20 அங்குலத்துக்குத்தான் ஓர் அங்குல நீர் கிடைக்கும். ஆகவே பழுப்பு நிறத்தைக் கண்டு பனிவாருகோலை விற்றுவிடாதீர்கள்.

பனிப்புயலுக்குப் புதிய பனி விழ வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மணிக்கு 35 மைல் காற்று அல்லது அடிக்கடி வீசும் அந்த அளவு வலுவான காற்று, கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தொலைவு, இவை இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று கிளப்பினாலே போதும். மரமில்லாத இந்தச் சமவெளியில் வானம் நீலமாக இருக்கும்போதே சாலை மறைந்துவிடும்.

படி 4: பசிபிக்கைப் பாருங்கள்

நடு பசிபிக்கில் கடல்நீர் இயல்பைவிட 0.5 செல்சியஸ் அல்லது அதற்கு மேல் வெப்பமாகி அந்நிலை நீடித்தால் எல் நினோ, அதே அளவு குளிர்ந்தால் லா நினா. எல் நினோ என்றால் வடக்குச் சமவெளி மிதமாகவும், லா நினா என்றால் குளிர்ந்தும் இருக்கும் சாய்வு உண்டு. (எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வலுப்பெறுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கடல்தான் இங்கேயும் வேலை செய்கிறது.)

இரண்டும் இல்லாத நடுநிலை ஆண்டை எளிதாக எண்ண வேண்டாம். 1996–97 அப்படிப்பட்ட ஆண்டுதான். ஃபார்கோவில் 117 அங்குலப் பனி கொட்டியது. அது உருகிய ஏப்ரலில், வடக்கு நோக்கி ஓடும் ரெட் ஆறு கிராண்ட் ஃபோர்க்ஸை மூழ்கடித்தது.

படி 5: கிட்டத்துக் கணிப்புக்கு மாறுங்கள்

துருவக் காற்று எந்த வாரம் இறங்கும் என்பது மூன்று மாதப் படத்தில் தெரியாது. டிசம்பர் முதல், அதே மையத்தின் 8–14 நாள் கணிப்பையும் 6–10 நாள் கணிப்பையும் பாருங்கள். கடைசி ஒரு வாரத்துக்கு உள்ளூர் வானிலை அலுவலகத்தின் அறிக்கை போதும். ஃபார்கோ நகரம் கிராண்ட் ஃபோர்க்ஸில் உள்ள அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கைபேசியில் தானாக வரும் சின்னங்களைவிட, அந்த அலுவலகத்தார் எழுதும் விளக்கவுரையே எனக்குப் பிடித்தது. எதில் ஐயம் இருக்கிறது என்பதையும் எழுதுவார்கள்.

பருவக் கணிப்பை வைத்து நான் முடிவு செய்வது எரிவாயுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை மட்டும். காரின் என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரும் கனமான மேலங்கியும் எந்த நிறத்துக்கும் காத்திருக்கக்கூடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"விண்ட் சில் (காற்றோடு சேர்ந்த குளிர்) எச்சரிக்கையைத் தேடினேன், காணவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். 2024 அக்டோபர் முதல் அதன் பெயர் 'எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்' (கடுங்குளிர் எச்சரிக்கை). அதற்கு ஒரு படி கீழே இருப்பது 'கோல்ட் வெதர் அட்வைசரி' (குளிர் குறித்த அறிவுரை).

பெயர் மாறினாலும் கணக்கு அதேதான். 0 ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று வீசினால், உடல் உணர்வது மைனஸ் 19. அந்தக் குளிரில் மூடாத தோல் 30 நிமிடங்களில் உறைந்துவிடும். பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் வெப்பநிலையை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்த்துக் கிளம்புங்கள்.

மொன்டானாவின் மேற்கு மலைப்பகுதிக்கு இதெல்லாம் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சதவீதத்தை வாசிக்கும் முறை பொருந்தும். பனிக் கணக்கும் காற்றும் அங்கே வேறு, அந்தப் பகுதியின் அலுவலக அறிக்கையையே பின்பற்றுங்கள்.