கனடா ஸ்பொன்சர் மறுக்கப்பட்டதா? மேன்முறையீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

வெளிநாட்டில் இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ போட்ட ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால், மேன்முறையீடு செய்யும் உரிமை கனடாவில் இருக்கும் ஸ்பொன்சருக்குத்தான். காரணங்களோடு மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. ஆதாரம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருந்து இந்த 30 நாளைக் கோட்டைவிடாதீர்கள். முதலில் படிவமும் மறுப்புக் கடிதத்தின் பிரதியும் போதும், ஆதாரங்களைப் பிறகு கொடுக்க அவகாசம் உண்டு.

துணை கனடாவுக்குள் இருக்கும்போது உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தவர்களுக்கு இந்த வழியே இல்லை. பெடரல் நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், அதற்கு 15 நாள்தான். ஆகவே எந்தப் பிரிவில் போட்டோம் என்பதை முதலில் பாருங்கள்.

வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது குடிவரவு ஒழுங்குவிதி 4(1)இல். திருமணம் உண்மையானதல்ல, அல்லது முக்கியமாகக் குடிவரவுக்காகவே செய்யப்பட்டது: 2010 முதல் இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே மறுக்கலாம். முதல் கேள்வி இன்றைய உறவைப் பற்றியது. இரண்டாவது, கலியாணம் நடந்த காலத்தில் இருவர் மனதிலும் என்ன இருந்தது என்பது. பலர் மறுப்புக்குப் பிறகு அனுப்பிய காசு, எடுத்த படங்கள், தொலைபேசிப் பட்டியல் என்று கட்டுக்கட்டாகக் கொடுக்கிறார்கள். அவை முதல் கேள்விக்கு உதவும், இரண்டாவதற்குப் பெரிதாக உதவாது. அதற்கு வேண்டியவை வேறு. யார் கலியாணப் பேச்சை எடுத்தார்கள், சாதகக் குறிப்பு எப்போது பார்த்தது, எழுத்துக்கும் (பதிவுத் திருமணம்) தாலி கட்டுக்கும் இடையில் ஏன் மாதக்கணக்கு, பெற்றோர் ஏன் வரவில்லை? அந்தக் காலத்துச் செய்திகள், மண்டப ரசீது, விமானச் சீட்டு, இரு வீட்டாரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் தேடி எடுங்கள். எழுத்து முதலில், தாலி பிறகு என்பது நமக்குச் சாதாரணம். அது தெரியாதவருக்கு சந்தேகம் வருவது இயல்பு, எழுதி விளக்குங்கள்.

மறுத்த அதிகாரியைக் குறைசொல்லிப் பக்கங்களை நிரப்புவதும் வீண். மேன்முறையீடு புதிதாக நடக்கும் விசாரணை, புதிய ஆதாரமும் ஏற்கப்படும், நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் முந்தைய நேர்காணலில் சொன்ன பதில் கோப்பில் அப்படியே இருக்கும். அதோடு முரண்படும் இடங்களை நீங்களே கண்டுபிடித்து, காரணத்தோடு சொல்லிவிடுங்கள். “மொழிபெயர்ப்பாளர் பிழை” என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது, எந்தக் கேள்வியில் எந்தச் சொல் மாறியது என்று காட்ட வேண்டும். இருவரும் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவது இதைவிட ஆபத்தானது. ஒரே வசனம் இரண்டு வாயிலிருந்தும் வந்தால் நம்பிக்கை போய்விடும்.

தமிழில் உள்ள வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்க்க வேண்டும். விசாரணைக்கு, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்று குறிப்பிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீடு மாறினால் உடனே அறிவியுங்கள், அழைப்புக் கிடைக்காமல் விசாரணைக்குப் போகாவிட்டால் வழக்கைக் கைவிட்டதாக முடித்துவிடலாம். உங்களுக்காக ஆலோசகர் வாதாடுவதானால் அவரிடம் ஆர்சிஐசி-ஐஆர்பி (RCIC-IRB, குடிவரவு அகதிகள் சபையில் வாதாட அனுமதிக்கும்) உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோற்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே ஆதாரத்தோடு வரும் இரண்டாவது மேன்முறையீட்டை, ஏற்கெனவே தீர்க்கப்பட்டது என்று விசாரிக்காமலே தள்ளுபடி செய்ய இடமுண்டு. வென்றாலும் விசா உடனே கைக்கு வராது. கோப்பு விசா அலுவலகத்துக்குத் திரும்பிப் பாதுகாப்புச் சோதனை தொடரும். மருத்துவப் பரிசோதனை 12 மாதத்துக்கே செல்லும் என்பதால் அதைத் திரும்பவும் செய்யவேண்டி வரும்.