சும்மா கடற்கரையில நடக்கிறதுதானே?

மார்கழி பிறந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "இந்த ஞாயிறு எந்தப் பக்கம்?" என்று தட்டிவிடுவார். பதினைந்து, இருபது பேர் சேர்வோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், ராமநாதபுரம் கடைத்தெருக்காரர்கள், மதுரையிலிருந்து காரில் வந்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு குடும்பங்கள். கடலோரமாக ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து, கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்று, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். "சும்மா கடற்கரையில நடக்கிறதுதானே" என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் செய்யாத தப்பு இல்லை. புதிதாகக் குழு சேர்த்துக் கிளம்புகிறவர்கள் அதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, காற்றைக் கேட்காமல் கிளம்புவது. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது இங்கே வழக்கம். பெண் கடல் அடங்கிக் கிடக்கும், ஆண் கடல் ஆர்ப்பரிக்கும் என்பது கணக்கு. (இந்தப் பெயர் வைத்தவர் எங்கள் தெருப் பெண்களைப் பார்த்ததில்லை.) வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டு டிசம்பரில் வடக்குக் கரையில் பிள்ளைகளை விளையாட விடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது சரி. ஐப்பசிக்கு மேல் காற்று திரும்பிவிடும். வடகிழக்கிலிருந்து கிளம்பும் வாடை, பாக் விரிகுடாவின் திறந்த பரப்பு முழுவதையும் தாண்டி வந்து வடக்குக் கரையில் நேராக மோதும். தெற்குக் கரைக்குத் தீவே மறைப்பு. தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இது கண்ணுக்கு முன்னால் தெரியும்: ஒரு பக்கம் அலை நுரைத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர் கண்மாய் மாதிரி கிடக்கிறது. அதற்காக, அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையில் தெற்குப் பக்கம்தானே என்று இறங்கிவிடாதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் முட்டிக்கொள்ளும் இடம் அது. கால் வைத்த மணல் அடுத்த எட்டில் இருக்காது.

காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. பெரியபட்டினத்திலிருந்து சேதுக்கரைப் பக்கமாக மேற்கே நடந்தால் வாடை முதுகில் தள்ளும். நடப்பதே தெரியாது. எல்லோருக்கும் உற்சாகம் வந்து "இன்னும் கொஞ்ச தூரம்" என்று போய்க்கொண்டே இருப்போம். திரும்பும்போதுதான் தெரியும். நண்பகலுக்கு மேல் காற்று வலுத்து, முகத்தில் மணலை அள்ளி வீசும். ஒருமுறை வாத்தியாரின் மூக்குக் கண்ணாடிக்குள்ளேயே மணல். போன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆயிற்று வருவதற்கு. இப்போதெல்லாம் காலையில் காற்று இளசாக இருக்கும்போதே அதை எதிர்த்து நடக்கிறோம், சாயங்காலம் அது நம்மைத் தள்ளிக்கொண்டு வந்து விடும். அல்லது வேனை அந்தக் கோடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒருவழியாக நடக்கிறோம்.

வானிலையைக் கைப்பேசியில் பார்த்தால் மட்டும் போதாது. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்திருக்கிறதா என்று முதல்நாள் விசாரியுங்கள். டோக்கன் இல்லை என்றால் நடையும் இல்லை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்தது, அதாவது நாம் நடக்கக் கிளம்பும் இதே மார்கழியில். இடிந்த அந்தத் தேவாலயச் சுவர் நிழலில்தான் எல்லோரும் சோறு தின்ன உட்காருகிறார்கள். உட்காருங்கள், ஆனால் சாயாதீர்கள், ஏறாதீர்கள். பவளக்கல் சுவர், உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

அடுத்தது வரைபடத்தை நம்புவது. செயற்கைக்கோள் படத்தில் கரை ஒரே கோடாகத் தெரியும். அது பெரும்பாலும் கோடையில் எடுத்த படம். மழை பெய்து கண்மாய்கள் நிரம்பி மறுகால் போனால், ஓடைகள் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். படத்தில் காய்ந்த மணலாக இருக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். காலையில் கடல் வற்றியிருக்கும்போது முழங்காலோடு கடந்தது, மாலையில் கடல் ஏறியபின் இடுப்புக்கு வரும். முதல்நாள் அந்த ஊர் டீக்கடையில் ஒருவருக்குப் போன் போட்டு, "அண்ணே, முகத்துவாரம் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. நாங்கள் கேட்காமல் போய், நாலு கிலோமீட்டர் உள்ளே சுற்றி, தார் ரோட்டில் வெயிலோடு திரும்பிய கதை உண்டு.

உவர்ச் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தனுஷ்கோடிப் பக்கத்துக் கழிகளில், வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய தரையில், மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, வெடித்து, அப்பளம் போலக் காய்ந்திருக்கும். பார்த்தால் சிமெண்டுத் தரை. மிதித்தால் மேல் ஓடு நொறுங்கி, கணுக்கால் வரை கருஞ்சேறு. காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். கனடாவில் இருக்கும் என் சித்தி மகன் குளிர்காலத்தில் காலில் அகலமான பனிச்செருப்பு கட்டிக்கொண்டு கூட்டமாக நடக்கப் போவான். உறைந்த பனியின் மேலோடு இப்படித்தான் ஏமாற்றும் என்பான். பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் பாடு அதிகம், அதனால் முறைவைத்து முன்னாலே போவார்களாம், பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்திலேயே கால் வைப்பார்களாம். இங்கே பொதிமணலில் இதைச் செய்து பார்த்தோம். உண்மையிலேயே பாதி அலுப்பு குறைந்தது. சேற்றிலோ முன்னால் போகிறவர் கையில் ஒரு கம்பு. குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எட்டு.

செருப்பு என்றதும் நினைவு வருகிறது. ரப்பர் செருப்போடு வராதீர்கள். ராமநாதபுரத்துக்காரனுக்குச் சொல்லவே வேண்டாம், கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் சீமைக் கருவேலம். அந்த முள் செருப்பின் அடியில் ஏறி மேலே வந்து பாதத்தைத் தொடும். குட்டையாக இருக்கிறதே என்று பிடுங்கிப் பார்த்தால் விரல் நீளம் இருக்கும். முனை உள்ளே முறிந்துவிட்டால் ஒரு வாரம் நொண்டல். தடித்த அடியுள்ள பழைய ஷூ போதும். ஈரமானாலும் பரவாயில்லை என்ற ஷூவாக இருக்கட்டும்.

தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நடக்க ஆசைப்பட்டால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். வெந்நீரின் சூட்டை அடிபடாத இன்னொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். இதற்காகவே சுக்குக் காப்பி பிளாஸ்க்கோடு வெறும் வெந்நீர் பிளாஸ்க் ஒன்றும் எங்களிடம் இருக்கும்.

மார்கழிக் குளிர் என்று நம்பித் தண்ணீர் குறைத்து எடுத்து வருவது எல்லோரும் செய்வது. விடியலில் துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறவர், பதினொரு மணிக்கு அதே துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறார். காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் உடம்பு காய்வதே தெரியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம். ஆனால் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் வேறு. ஒதுங்க இடமில்லை. இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டவரை எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு அக்கா காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்காமல் நடந்து, மதியம் தலை சுற்றி உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. இப்போது கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பாதையே போடுகிறோம்.

கூட்டத்தில் வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் போய் ஒரு பனை நிழலில் காத்திருப்பார்கள். மெதுவாக வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டீங்களா, கிளம்புவோம்" என்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்குத்தான் ஓய்வு கிடையாது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கடிகாரம் பாருங்கள்.

தனுஷ்கோடி என்றால் நேரத்தை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை 4.5. போய்வர 19 கிலோமீட்டர், நிழலே இல்லாத சாலை. இதை நிதான நடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பகுதியை மட்டும் நடந்து, மற்றதற்கு வண்டி வையுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், அதற்கு முன்பே போலீஸ் கிளப்பிவிடும். முனைப் பக்கம் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் காசு கரையும்.

பூநாரைகள் வந்திருக்கும் காலமும் இதுதான். 2025-இல் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. போட்டோவுக்காகச் சேற்றில் அவற்றை நோக்கி நடப்பது இரண்டு தரப்புக்கும் கேடு. இரை தேடும் நேரத்தில் கிளப்பிவிட்டால் தின்றது பறப்பதற்கே போய்விடும். சாலையோரம் நின்று பைனாகுலரில் பாருங்கள். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு அழகாகத்தான் இருக்கும். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. பையில் போட்டால் வழக்கு. "அந்தத் தீவுல இறக்கிவிடுங்கண்ணே" என்று மீன்பிடிப் படகுக்காரரைக் கெஞ்சாதீர்கள், மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. மாட்டினால் அவர் பிழைப்பும் போகும்.

கடைசியாக, மீனவர் ஊருக்குள் நடக்கும் முறை. மணலில் விரித்திருக்கும் வலை குப்பை இல்லை. ஷூ முனையில் ஒரு கண்ணி அறுந்தால், சரிசெய்ய ஒருவர் அரைநாள் உட்கார வேண்டும். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்கும் கடலுக்கும் நடுவே புகக் கூடாது. போன தையில் அப்படி ஒரு கயிற்றின் முன்னால் நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். "போகலாமா அண்ணே?" என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், "போறது இருக்கட்டும், வந்து ஒரு கை பிடிங்க தம்பி" என்றார். முக்கால் மணி நேரம் இழுத்தோம். உள்ளங்கை சிவந்து போயிற்று. கூலியாக ஒரு பனையோலைப் பெட்டி நிறைய நெத்திலி கொடுத்தார்கள். அதை ஆய்ந்துகொடுத்தவர் வாத்தியார்.